வியாழக்கிழமை மூன்று மணி

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக முளைத்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பிறகு மூடி மறைத்தேன் என்று பேச்சு வரக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஓர் அறக்கட்டளையின் அலுவலர் என் வீட்டுப் படியேறி வந்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார், இரண்டு பக்கத்துக்கு ஒரு கதை கேட்டார். கொடையாளர்களுக்கு அனுப்பும் ஆண்டு மலருக்காம்.

"உங்க கீழ்வீட்டுப் பொண்ணு எங்க மாணவிதான் மேடம். வேதியியல், கடைசி வருஷம். நல்லாப் படிக்கிறா. அவளைப் பத்தி எழுதுங்க. படிச்சா கண்ணு கலங்கணும்."

"யாருக்கு?"

"கொடுக்கறவங்களுக்குத்தான்."

நல்ல மனிதர். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ போட்டிருந்தார். கண் கலங்க வைப்பது எனக்குக் கைவந்த கலை என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

(சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். உத்தி என்று நினைத்து யாரும் பாராட்ட வேண்டாம். காரணம் நான்காம் பகுதியில் இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: தெருவிளக்கின் மங்கிய வெளிச்சத்தில், மழைத்தூறல் பாடப்புத்தகத்தை நனைக்க, அவள்

இதோடு நிறுத்தி, கீழே போய் அவளிடம் காட்டினேன். கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே படித்தாள்.

"எங்க வீட்டுல கரண்ட் இருக்கு, கதைக்காரக்கா. மழையில யாராவது புக்கை விரிப்பாங்களா?"

அந்தக் கட்டடம் முழுக்க எனக்கு அதுதான் பெயர். அவள் பெயரைப் போடலாமா என்றும் கேட்டேன். கூடவே கூடாது என்றாள். "நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல என் மார்க்கைப் பார்க்கணும். இதைப் பார்த்துட்டு ஐயோ பாவம்னு சொல்லக் கூடாது."

இரண்டாம் தொடக்கத்துக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். குடிகார அப்பா ஒருவரைத் தயார் செய்தேன்.

"எங்கப்பா டீயே ஒரு வேளைதான் குடிப்பார். பெயின்டர். குடிச்சிட்டு ஏணியில ஏறுனா என்ன ஆகும்?"

எழுதியதை அடித்துவிட்டேன். குடிக்காத அப்பாவால் கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வீட்டுக்கு நிறைய இருக்கிறது போலிருக்கிறது. காலையில் அவர் ஏணியோடு கிளம்புவார், அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போவாள், அக்கா பேக்கிங் வேலைக்கு. அக்காவின் கணவர் லாரியோட்டி, வீட்டில் இருப்பதை விட வண்டியில் இருப்பதுதான் அதிகம். பகலில் அந்த வீட்டில் பூட்டுதான் குடியிருக்கும்.

3

மூன்றாம் தொடக்கத்தில் அறக்கட்டளையைத் தெய்வமாக்கினேன். கட்டணம் கட்ட முடியாமல் குடும்பம் தவிக்கிறது, கடைசி நாளில் கதவு தட்டப்படுகிறது, வாசலில் பளபளக்கும் ஷூ.

அவள் இதை இரண்டு தடவை படித்தாள்.

"ஃபீஸ் கட்டுனாங்க. அந்த நன்றி சாகிற வரைக்கும் இருக்கும். இதை எழுதுங்க, தப்பில்ல. ஆனா மலர் அச்சாகி வர்றப்போ நான் காலேஜ்ல இருக்க மாட்டேன்க்கா. அப்புறம் உங்க பேரும் கெடும், அவர் பேரும் கெடும்."

துணி மடிக்கும் கை நிற்கவில்லை. ஏதோ பால்காரரை மாற்றப் போவது போலச் சொன்னாள்.

விஷயம் இதுதான். அக்காவின் நாலு வயது மகள் பாலர் பள்ளியில் இருக்கிறாள். அது மூன்று மணிக்கு மூடும். மற்ற நாட்களில் இவளுக்குக் கல்லூரி அதற்கு முன்பே முடிந்துவிடும், போய்க் கூட்டி வருவாள். கடைசி வருடத்தில் மட்டும் வியாழக்கிழமை மதியம் ஆய்வகம், மாலை வரை. இவள் பாதியில் கிளம்பிவிடுவாள். சோதனைகள் பாதியில் நிற்கும். இனி ஒன்று விட்டாலும் செய்முறைத் தேர்வுக்கு விட மாட்டேன் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். தேர்வு இல்லையென்றால் பட்டம் இல்லை. ஒரு வருடம் தவறினால் உதவித்தொகையும் நின்றுவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை.

"யார்கிட்டயாவது கேக்கலாமே?"

"ஒரு நாள்னா கேக்கலாம். ஒவ்வொரு வாரமும் யார்கிட்டக்கா கேக்கறது?"

மழை, தெருவிளக்கு, குடி என்று நான் எத்தனை பெரிய இடைஞ்சல்களைத் தேடினேன். அவளுடைய படிப்பு கவிழ இருந்தது வாரத்தில் ஒரு மதியத்தால். இரண்டு மணி நேரம் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இதைப் படித்து எந்தக் கொடையாளர் கண் கலங்குவார்?

4

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு வியாழன் மதியம் அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை? நான் போகிறேன் என்றேன்.

"உங்க எழுத்து கெட்டுடும்க்கா."

"கெட்டா யாருக்கு நஷ்டம்? நீ லேபுக்குப் போ."

பாலர் பள்ளி ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்காவை ஒரு நாள் நேரில் கூட்டிப் போய்ச் சொல்ல வைத்த பிறகுதான் குழந்தையைக் கையில் கொடுத்தார். வீட்டில் அவளைக் குண்டூசி என்பார்கள். உருவம் அப்படி, கேள்வியும் அப்படி.

இப்போது அவள் என் மேசைக்கடியில் இருக்கிறாள். ஆம், இந்தக் கதையை வியாழக்கிழமைகளில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஆய்வகத்தின் நீண்ட மேசை முன் அவள் சித்தி தனியாக நின்று, கண்ணாடிக் குழாயின் திருகை மெல்லத்

(யானைக்கு வால் முன்னாலா பின்னாலா என்று கேட்கிறாள். பின்னால்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்கிறாள்.)

திருப்பி, சொட்டுச் சொட்டாக விட வேண்டுமாம். நிறம் மாறும் நொடியில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடிப் போனாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். முன்பெல்லாம் நிறம் மாறும் வரை அவள் நின்றதே இல்லை. இதை ஓர் உவமையாக்கச் சொல்லி எனக்குக் கை அரிக்கிறது. குண்டூசி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

5

நடந்ததை அலுவலரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"எங்க கணக்குல ஃபீஸுக்குன்னு ஒரு செலவுத் தலைப்பு இருக்கு, புத்தகத்துக்கு இருக்கு, பஸ் பாஸுக்குக்கூட இருக்கு. குழந்தையைக் கூட்டிட்டு வர்றதுக்குத் தலைப்பு இல்லையே மேடம்."

இந்த இடத்தில் இவரை வில்லனாக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்து கெடுத்துவிட்டது. அந்த வியாழக்கிழமை அவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆயாவிடம் அக்காவைச் சொல்ல வைத்து, தானே பள்ளி வாசலில் போய் நின்றார். கம்பளிக்குள்ளிருந்து பார்த்தேன்: கையில் ஷூவும் தோளில் குண்டூசியுமாக மாடியேறி வந்தார். ஷூவில் சுண்ணக்கட்டியால் ஒரு யானை வரையப்பட்டிருந்தது. வால் முன்னால் இருந்தது.

"இவ மாதிரி எத்தனை பேர் பாதியில நின்னிருப்பாங்க மேடம்? நாங்க ஃபீஸ் பாக்கியைப் பத்தித்தான் கேட்டோம். வியாழக்கிழமையைப் பத்திக் கேக்கவே இல்ல" என்றார். அடுத்த கூட்டத்தில் புதிதாக ஒரு தலைப்பு கேட்கப் போகிறாராம். கிடைக்குமா தெரியாது, ஆனால் கேட்பார்.

6

முடிவு.

(அ) அவள் பதக்கம் வாங்குகிறாள், அம்மா அரங்கின் கடைசி வரிசையில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். மலருக்குப் பிடிக்கும்.

(ஆ) கடைசித் தேர்வில் ஒரு சொட்டு கூடிவிடுகிறது. இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"அம்மாவை அழ வைக்காதீங்க, அவங்க சிரிக்கிற ஆளு. ரெண்டாவது... ஏன்க்கா, நான் இன்னும் பரீட்சையே எழுதல. அதுக்குள்ள நீங்க ரிசல்ட் போடறீங்களே?"

இரண்டையும் கிழித்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் குண்டூசி எடுத்துக்கொண்டாள். இப்போது அங்கே யானைகள் நிற்கின்றன.

7

அவள் பக்கம் நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. இதுவரை ஒரு சோதனைகூட விடவில்லை. நிறம் மாறியதைப் பற்றிப் படியில் நின்று எனக்குச் சொல்லும்போது கைகளை அப்படி ஆட்டுகிறாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கதைக்கு இது ஆகாது என்றாலும் சொல்லத்தான் வேண்டும். இன்னும் ஒரே ஒரு ஆய்வக நாள்தான் பாக்கி.

அதில்தான் சிக்கல். அடுத்த வியாழன் எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை. தள்ளிப் போட்டால் மறு தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அலுவலருக்கு அன்றுதான் அந்தக் கூட்டம், புதுத் தலைப்பைக் கேட்கப் போகிற கூட்டம். அவள் வீட்டில் யார் விடுப்பு எடுத்தாலும் வேலை போகும். யாரும் வராவிட்டால் அவள் குழாயை மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. இத்தனை நேரம் உட்கார்ந்து படித்தீர்கள், உங்களுக்கும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்றுதானே பொருள்? முந்தின நாள் வந்து குண்டூசியின் அம்மாவைப் பார்த்துவிடுங்கள். ஆயாவிடம் அவள் சொல்லிவைப்பாள். ஆயா உங்களையும் ஏற இறங்கப் பார்ப்பார், பார்க்கட்டும். நல்ல ஷூ வேண்டாம். யானைக்கு வால் எங்கே என்று குண்டூசி கேட்டால் உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள், எப்படியும் அவள் நம்பப் போவதில்லை.

வியாழக்கிழமை, மூன்று மணி. நீங்கள் அந்த வாசலில் நின்றால், ஊரின் மறுபக்கத்தில் ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்காமல் சொட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். நிறம் மாறும் வரைக்கும்