மெதுவாகப் போகத் தெரியாத வண்டி

"கேம்ஷாஃப்ட் மாத்தணும் பாய்" என்று சொல்லிவிட்டு, கூட வந்திருந்த நான்கு பேரும் அந்தச் சொல்லை வாயில் போட்டு மெல்லட்டும் என்று அவகாசம் கொடுத்தார் கொளஞ்சிநாதன். மெக்கானிக் முஸ்தபாவின் ஷெட்டுக்கு வெளியே, பக்கத்துச் செராமிக் பட்டறை கொட்டிவைத்த உடைந்த பொம்மைக் குவியலை ஒட்டி அந்தச் சிவப்பு வண்டி நின்றது. கூரையை மடக்கித் திறக்கலாம். இரண்டே பேர் உட்காரலாம். பாண்டிச்சேரியில் யாரோ ஆசை தீர்ந்து விற்ற ஸ்போர்ட்ஸ் கார். விருத்தாசலத்துக் கடைவீதியில் அதை இரண்டாவது கியருக்குத் தள்ளவே இடம் கிடையாது. ஃபிளெக்ஸ் பேனரில் இடம் இருந்தது. ஊரில் பதினோரு இடங்களில், 'பீங்கான் வேந்தர்' என்ற பட்டத்தோடு, பீங்கான் பட்டறை முதலாளி கொளஞ்சிநாதன் அதன் பானெட்டில் சாய்ந்து நின்றார். பட்டம் கொடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால் பேனர் அடித்தவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து அடித்தவரும் கொளஞ்சிநாதனே.

"வீடியோல பாத்தன். சும்மா நின்னாலே தட தடன்னு ஒடம்பு குலுங்கணும். ரேஸுக்கு எது போடுறாங்களோ அதான் வேணும். சின்னது கின்னதுல்லாம் வாணாம்."

எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டில் இருக்கிற மேடுகள்தான் வால்வுகளைத் திறந்து எஞ்சினுக்கு மூச்சு கொடுக்கின்றன. மேட்டை உயர்த்தினால் வேகத்தில் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கும். மெதுவாகப் போனால் இருமும், விக்கும், நின்றுவிடும். ஷார்ஜாவில் பதினாலு வருஷம் ரேஸ் வண்டிகளுக்கு முஸ்தபா செய்த வேலையே இதுதான். வருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்திருந்தார் அங்கிருந்த ஃபோர்மேன்: இதை எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

முஸ்தபா கேட்கவில்லை. பதில் பேனரிலேயே இருந்தது. பதினெட்டாம் தேதி மணிவிழா. காலையில் பெரிய கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரை, திறந்த காரில், தம்பதி ஊர்வலம். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே நடக்கிற வேகம்.

"செஞ்சிடலாம்ணே" என்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கொளஞ்சிநாதனின் புதுவீட்டு விசேஷத்துக்கு, லீவில் வந்திருந்த முஸ்தபா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போயிருந்தார். எட்டு வயது மகள் சைமா கையைப் பிடித்திருந்தாள். சோபாவில் உட்காரக் குனிந்தவரை "இரு பாய்" என்று நிறுத்தி, கொளஞ்சிநாதன் ஒரு தினசரியை விரித்துப் போட்டார். "மெக்கானிக்கு எங்கன்னா ஒரு எடத்துல கிரீஸ் இருக்கும். சோபா இத்தாலி." எல்லோரும் சிரித்தார்கள். முஸ்தபாவும் சிரித்தார், இன்றுவரை அவருக்குச் செரிக்காதது அந்தச் சிரிப்புதான். வரும் வழியில் சைமா கேட்டாள்: "ஏன் அத்தா, ஒங்களுக்கு மட்டும் பேப்பர் போட்டாங்க?" அன்றைக்கே ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

வேலையில் ஒரு நூல் பிசகில்லை. தண்டு, ஸ்பிரிங்குகள் எல்லாமே கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த அசல் சரக்கு. இந்த மாற்றத்தால் பிரேக் பிடிமானம் குறையும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு பம்ப்பும் வைத்தார். ஆள் உயிரோடு, முழுசாக இருந்து அசிங்கப்பட வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது. வண்டியை எடுக்க வந்த கொளஞ்சிநாதன், நெஞ்சுச்சளி பிடித்ததுபோல் அது குலுங்குவதைக் கேட்டு, "சிங்கம்டா!" என்றார். நான்கு பேரும் ஆமோதித்தார்கள். சிங்கத்தை நேரில் கேட்டவர்கள் அதில் யாருமில்லை.

பதினெட்டாம் தேதி காலை எட்டரைக்கே, ஊர்வலம் வரும் வழியில், பாலக்கரை டீக்கடை பெஞ்சில் சைமாவோடு உட்கார்ந்துவிட்டார் முஸ்தபா. இப்போது அவளுக்குப் பதினேழு. "எதுக்கு அத்தா என்னையும் இட்டுக்கினு வந்தீங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள். "பாரேன்" என்றார்.

மேளம் வந்தது. பின்னால், மாலையும் ஜரிகைத் தலைப்பாகையுமாகக் கொளஞ்சிநாதன் தானே ஓட்டிவந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் மனைவி பானுமதி. வண்டி நாலடி வந்தது, உதறியது, நின்றது. ஸ்டார்ட் செய்தார். மூன்றடி. உதறல். பானுமதியின் தலை கண்ணாடியை நோக்கிப் போய்த் திரும்பியது. ஏழாவது தடவை நின்றபோது நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"வேந்தரே, பாத்து! பீங்கான் ஒடஞ்சிடப் போவுது!"

"சிங்கத்துக்கு வவுறு சரியில்லடா!"

தெருவே சிரித்தது. ஒன்பது வருஷமாக முஸ்தபா காத்திருந்த சிரிப்பு. டீயைக்கூடக் குடிக்காமல் அதைக் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது கொளஞ்சிநாதன் சீட்டில் ஏறி நின்றார்.

"இதோ ஒக்காந்துருக்கான் பாருங்க, ஷார்ஜா இன்ஜினியரு! நல்ல வண்டியக் கெடுத்து வச்சிட்டான். இவன நம்பி யாரும் சைக்கிளக்கூட வுட்றாதீங்கப்பா!"

சிரிப்பு அப்படியே காற்று மாதிரி திரும்பி டீக்கடைப் பக்கம் வீசியது. சைமா சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"அத்தா, தப்பாயிடுச்சா? இல்ல, வேணும்னே செஞ்சீங்களா?"

ஒன்றுக்கு ஆமாம் என்றால் தொழில் தெரியாதவன். இன்னொன்றுக்கு ஆமாம் என்றால் வஞ்சகன். வருஷக்கணக்கில் காத்திருந்து திட்டம் தீட்டியவர் இந்த இடத்தை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்.

"தள்ளி ஒக்காருங்கண்ணே. நான் ஓட்டுறேன்."

பானுமதி அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தார். "நீ எங்கடி எறங்குற?" என்றார் கொளஞ்சிநாதன்.

"குலுங்கிக் குலுங்கிக் கொடலே கலங்கிப்போச்சி. நீங்க வாங்க, நான் நடந்தே போறேன்."

செருப்பில்லாத காலோடு அவர் மேளத்துக்குப் பின்னால் போய் நின்றார். குடை பிடிப்பவன் காரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு குடையோடு அம்மாவிடம் ஓடினான். தவில் மறுபடி தொடங்கியது.

கொளஞ்சிநாதன் பக்கத்து சீட்டுக்கு நகர, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து "வழி வுடுங்க" என்றார் முஸ்தபா. கூட்டம் ஒதுங்கியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கிளட்சைப் பாதியில் பிடித்து மேளத்தைக் கடந்தார். பாலக்கரை முடிந்து ரோடு அகன்றது. இரண்டாவது கியர். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டியதும் உதறல் முழுக்க நின்று, எஞ்சின் ஒரே குரலாக எழுந்தது. முஸ்தபாவின் முதுகுத்தண்டு அதைக் கேட்டு நிமிர்ந்தது. டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். சைமாவுக்கும்.

"மண்டபம்! பாய், மண்டபம்!"

வாழைமரம் கட்டிய வளைவு ஒரு பச்சைக் கோடாகப் பின்னால் போனது.

"மெதுவாப் போனா நின்னுடும்ணே. ரேஸுக்குப் போடுறதுதான் வேணும்னு கேட்டீங்க."

"நிறுத்துடா!"

"நிறுத்துனா நான் கெடுத்து வச்சதா ஆயிடும்."

சேத்தியாத்தோப்பு ரோட்டில் எதிரே யாருமில்லை. தலைப்பாகை முதலில் போனது. "முகூர்த்தம் பாய்... நிறுத்துங்க பாய்..." என்பது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தவரின் மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் பிய்ந்து, பறந்து, அப்போதுதான் முந்திய கரும்பு டிராக்டர்மேல் விழுந்தன. மடியிலிருந்த போன் அடித்தது. எடுக்க அவருக்குக் கை இல்லை. அது நழுவி இருவர் காலுக்கும் நடுவில் விழுந்து, அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் பானுமதி, என்றோ எடுத்த படத்தில், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.