சிமியோனின் ரோல்ஸ்

காலை ஒன்பதேகாலுக்குச் சுவரில் இருந்த திரை சிவந்தது. சிவப்பின் கீழே சிமியோனின் பெயர் வந்தது. அவன் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது.

ஆரபி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். யாழ்ப்பாண நகரத்து மாடியொன்றில் பதினொரு பேர் பஸ் ஆசனம் பதியும் மென்பொருள் எழுதுகிறார்கள். யார் எந்த வரியைச் சேர்த்தாலும் ஓர் இயந்திரம் எல்லாருடையதையும் உடனே ஒன்றாகக் கோத்து, ஆயிரம் சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை. ஒன்று பிழைத்தாலும் சிவப்பு; அந்தச் சோதனையை எழுதியவரின் பெயரையும் கூசாமல் போட்டுவிடும், பொல்லாத சாமான். பெயர் வந்தவர் எல்லாருக்கும் கடையில் பொரித்த ரோல்ஸ் வாங்கிக் கொடுக்கவேண்டும். அது அந்த அலுவலகத்துச் சட்டம்.

"சிமியோன்ரை சோதனை," என்றார் பொறுப்பாளர் மயூரதன், குரலைத் தாழ்த்தி. "செப்ரெம்பர் பதினொண்டுக்கு ஆசனம் பதியப் பாக்குது. நாள் நேற்றோடை முடிஞ்சுது, மென்பொருள் மறுக்குது. பாவி, திகதியை அப்பிடியே எழுதி வச்சிட்டான். ஆரபி, நீர் ஒருக்கா மாத்திவிடும். எந்த நாளெண்டாலும் பரவாயில்லை."

எந்த நாளென்றாலுமாம்! நேற்று என்ன நாள் என்று அவளுக்கல்லவா தெரியும். அவளுக்கும் சிமியோனுக்கும் பதிவாளரிடம் கலியாண எழுத்து நடந்திருக்கவேண்டிய நாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கடத்தியிருந்தாள். சாதியும் வேறு, சமயமும் வேறு; நீர்வேலியில் அவள் வீட்டிலும் குருநகரில் அவன் வீட்டிலும் முன்கூட்டிச் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியும். எழுதிய பிறகு சொல்லலாம் என்றிருந்தார்கள். பெப்ரவரியில் கொடிகாமத்தடியில் ஒரு லொறி அவனுடைய மோட்டார் சைக்கிளை அடித்தது. செத்தவீட்டில் அலுவலக ஆட்களோடு பின்வரிசையில் நின்றாள். அழுததுகூட மற்றவர்கள் அளவுக்குத்தான்.

அவன் இந்தச் சோதனையை எழுதிய அன்று அவள் ஏசினாள்.

"உப்பிடித் திகதியை நேரை எழுதாதேங்கோ. அடுத்தநாள் உடையும்."

"உடையட்டுமன். அண்டைக்கு ரோல்ஸ் என்ரை. என்ன விசேஷம் எண்டு கேப்பினம். அப்ப சொல்லுவம்."

அவன் எழுதிய சோதனையைக் கணினியில் திறந்தாள். பதினொன்றை அழித்தாள். வேறு ஒரு நாளும் வாய்க்கவில்லை. வரப்போகும் நாள் என்று அவளிடம் எதுவும் இருக்கவில்லை. பதினொன்றையே திரும்ப எழுதிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனாள்.

இரண்டு பெட்டி மீன் ரோல்ஸோடு அவள் திரும்பி வந்தபோது திரை இன்னும் சிவப்புத்தான்.

"உதென்ன?" என்றார் மயூரதன். "உடைச்சது நீரில்லையே. என்ன விசேஷம்?"

பத்துத் தலைகளும் திரும்பின. ஆரபி பெட்டிகளை மேசையில் வைத்து மூடிகளைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒருவரையும் பாராமல், சுவரில் சிவந்திருந்த அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு, "நேற்று எங்களுக்கு..." என்று தொடங்கினாள்.