டீச்சரம்மா சொல்ல வேண்டிய 'நீ'

டிவிக்காரர்களுக்கு என்ன, கேப்டனுக்கும் டீச்சரம்மாவுக்கும் கல்யாணத்தைப் பண்ணிவைத்துத் தொடரை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்த ரெண்டு பேரும் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று யார் சொல்வது? அக்காவும் தங்கை குட்டியும்தான் சொன்னார்கள். ஒரு வருஷக் கதை, மாதம் ஒரு புத்தகம், சொந்தச் செலவில் அச்சு. கேப்டன் பேசுவதெல்லாம் குட்டி எழுதுவாள். டீச்சரம்மா பேசுவதெல்லாம் அக்கா, தன் செல்போனில்.

டீச்சரம்மா புருஷனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். எப்போது 'நீ' என்பாள் என்று வாசகிகள் நச்சரித்தார்கள். கடைசி மாசம் கடைசி வரியில்தான் என்று அக்கா ஒரே பிடிவாதமாக இருந்தாள். பதினோராவது புத்தகம் வந்த வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அப்பேர்ப்பட்ட வாயாடி, அந்த வரி என்னவென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பன்னிரண்டாவதைக் குட்டி தனியாக எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதினால் டீச்சரம்மாவும் கேப்டன் மாதிரியே பேசித் தொலைத்தாள். அந்த வரி வராவிட்டால் அக்காவின் கதை அந்தரத்தில் நின்றுவிடும். அதை நினைத்தாலே குட்டிக்கு ஆறவில்லை. அக்கா எழுதிய போனிலேயே எழுதினால் டீச்சரம்மா வருவாளோ என்று, அத்தானிடம் கேட்டு அதை வாங்கிவந்தாள்.

பல் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள் வேலை. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் போனை எடுத்து 'என்ன' என்று அடித்தாள். அடுத்த வார்த்தை தானாகக் கீழே வந்து நின்றது: 'கோபமா'. தொட்டாள். 'இருக்கீங்களா' என்றது. அக்கா அடித்து அடித்துப் பழக்கிய போன், அக்கா மாதிரியே பேசியது. தொடத் தொட டீச்சரம்மா நொடித்தாள், கிண்டலடித்தாள். பயமாகத்தான் இருந்தது, கீழே வைக்கவும் மனசில்லை.

யாரோடு அரட்டை என்று நர்ஸ் கேட்டாள்.

"அக்காகூட" என்றாள் குட்டி. நர்ஸ் உள்ளே போய்விட்டாள்.

கடைசி வரி வந்தது. 'நீ' என்று அடித்தாள்.

அக்கா அத்தானையே 'நீங்க' என்பவள். ஊர் உலகத்தில் அவள் அந்த போனில் 'நீ' என்று எழுதியது ஒருத்திக்குத்தான்.

'சாப்பிட்டியா' என்று வந்தது. தொட்டாள். 'குட்டி' என்று வந்தது. அதையும் தொட்டாள்.

"இன்னும் இல்லக்கா."

சொல்லிவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கேவிக் கேவி அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேப்டனிடம் டீச்சரம்மா கேட்கிற கேள்வி அல்லவா என்று, தன் பெயரை மட்டும் அழித்தாள்.