மேட்டுக்கு அந்தப் பக்கம்

காவல்காரி கம்பிவேலிக்குள் குனிந்து, செடிகளில் தொங்கிய தகர எண்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று செடிகள். இந்த ஒரு சரிவைத் தவிர வேறெங்கும் இந்தச் செடி இல்லை என்று சொல்லித்தான் ஆறு வருடத்துக்கு முன் அவளைத் தினக்கூலிக்கு வைத்தார்கள்.

"பாத்திரம் தேய்க்கிற மாதிரியில்ல தேய்க்கிறீங்க!" என்றாள் வேலிக்கு வெளியே புல் அறுத்துக்கொண்டிருந்த நாத்தனார். "நம்பர் அழிஞ்சா அப்புறம் செடிகிட்டயே பேரு கேக்கணும்."

காவல்காரி சிரிக்கவில்லை. "கணக்கெடுக்க வர்றவரு மேட்டத் தாண்டிப் போயிட்டா?"

"அந்த முட்டிவலிக்காரரா? வேலி வரைக்கும் வந்தாலே அதிசயம் அண்ணி."

செடியைத் தொடக்கூடாது, பிடுங்கக்கூடாது, நடக்கூடாது. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கிய தாளில் முதல் விதியே அதுதான். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் தாய்ச்செடியின் காலடியில் கன்றுகள் நெருக்கியடித்து முளைத்து, இரண்டே மாதத்தில் அழுகின. பார்க்கப் பொறுக்காமல் அவற்றைச் சாப்பாட்டு டப்பா மூடியில் ஏந்திப்போய் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றினாள். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியை ஊற்றினாள். இப்போது அவை இடுப்புயரம்.

வந்தது முட்டிவலிக்காரர் இல்லை. ஓர் இளம்பெண் அதிகாரி. நாற்பத்து மூன்றையும் எண்ணி முடித்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் மேட்டில் ஏறினாள்.

"அம்மா! இங்க ஓடி வாங்க!"

இருவரும் மூச்சு வாங்க ஏறினார்கள். அதிகாரியின் முகமெல்லாம் சிரிப்பு.

"முப்பத்தோரு செடி! யாரும் நட்டது இல்லையே?"

நாத்தனார் காவல்காரியின் முழங்கையைக் கிள்ளினாள். "ஒத்துக்கிட்டா இன்னிக்கே அனுப்பிருவாங்க," என்று காதருகில் முணுமுணுத்தாள்.

"இல்லம்மா," என்றாள் காவல்காரி.

"அப்ப தானாவே பரவியிருக்கு! அழியுற பட்டியல்லேருந்து எடுக்கச் சொல்லி எழுதப்போறேன்."

"அப்ப காவலு...?"

"இனிமே எதுக்கும்மா? இந்த மாசத்தோட போதும். அதுவே பொழச்சுக்கும்."

அதிகாரி அவளிடம் ஓர் அளவுகோலைக் கொடுத்து, உயரமான செடியருகே நிறுத்தினாள். போனை உயர்த்திப் பார்த்தாள்.

"கோல நேராப் பிடிங்க. இன்னும் தள்ளி நில்லுங்கம்மா, நீங்க படத்துல வர்றீங்க."

காவல்காரி கையை மட்டும் நீட்டி, உடம்பை இழுத்துக்கொண்டாள்.