கல்லின் வலப்பக்கம்

உச்சி சாய்ந்து வெயில் சுவரின் வலப்பக்கம் வந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். வாளியில் பெயிண்ட்டைக் கலக்கிக்கொண்டிருந்தவள் என்னவோ தோன்றித் தலையைத் தூக்கினாள். காலை முழுக்கப் பால்வெள்ளையாக இருந்த மேல்சுவரில் அம்மை போட்டாற்போல் பழுப்புப் புள்ளிகள். கலக்கிய குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

வழவழப்பான சுவர் என்றால் ரோலரை உருட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இது கூழாங்கல்லை வாரி அப்பிய வெளிச்சுவர். கல்லைச் சுற்றி நாலு பக்கமும் பள்ளம். பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிக் குத்தினால்தான் உள்ளே நிறம் பிடிக்கும். எத்தனை வாளி கொடுத்தாலும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று நிற்கும். கொஞ்சம் அசந்தால் விரல் முட்டித் தோலையும் எடுத்துக்கொள்ளும்.

கீழ்ப்பாதி அவளுடையது. மேல்பாதி அவள் கணவனுடையது. பொம்பளை ஏணியில் ஏறக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். கணவனுக்கு வேலையிடத்தில் 'நூல்' என்று பெயர். டேப் ஒட்டாமல், அளவு போடாமல், கூரை விளிம்போரம் அவன் இழுக்கிற கோடு நூல் பிடித்தாற்போல் இருக்கும். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் இரண்டு மாதமாக அவனுடைய வலது தோள் பூட்டிக்கொண்டுவிட்டது. கை நெஞ்சுக்கு மேல் வராது. வெளியில் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் சமாளித்துக்கொண்டிருந்தான். இடது கை கல்லின் இடப்பக்கத்தைத்தான் குத்தியிருக்கிறது. மணிக்கட்டைத் திருப்பி வலப்பக்கம் போக அதற்குப் பழக்கமில்லை. காலை வெயில் இடப்பக்கமிருந்து விழுந்ததால், விட்டுப்போன பழைய பழுப்பு வெறும் நிழலாகத் தெரிந்து இருவரையும் ஏமாற்றிவிட்டது.

"என்னங்க, கொஞ்சம் இறங்கி வந்து பாருங்க."

இறங்கி வந்து பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"இவ்வளவுமா விட்டிருக்கேன்?"

"இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? மேஸ்திரி அஞ்சு மணிக்குத்தானே வருவார்? நான் மேல ஏறுறேன். நீங்க ஏணியைப் பிடிங்க."

"உனக்கு உயரம்னா தலை சுத்தும்டி."

"வேலை போனா இன்னும் நல்லா சுத்தும். பிடிங்க."

அடுத்த தெருவில் இதே மாதிரி கல்லுச்சுவர் வைத்த பதினாலு வீடுகள் இருந்தன. இந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு ஆள் எடுப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். பதினாலு வீடு கிடைத்துவிட்டால் மழைக்காலம் முடியும்வரை அடுப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அவள் ஏறினாள். முதல் பத்துப் படி ஏறும்வரை கீழே பார்க்கவில்லை. அப்புறம் பார்க்க நேரமில்லை. குத்து, திருப்பு, குத்து. வெயில் நகர நகரப் புதிதாகப் புள்ளிகள் முளைத்தன. முடித்துவிட்டோம் என்று நினைத்த இடத்திலும் எட்டிப் பார்த்துச் சிரித்தன.

"அங்க விட்டுட்டே. இல்ல, அதுக்கும் மேல," என்று கீழேயிருந்து கூவினான் அவன்.

"நீங்க விட்டதைத்தான் நான் பிடிச்சிட்டிருக்கேன். சும்மா இருங்க."

அவனால் சும்மா இருக்க முடியவில்லை. ஏணியைப் பிடிப்பான், வாசலை எட்டிப் பார்ப்பான், திரும்ப வந்து பிடிப்பான். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே படியோரம் கிடந்தது. மணி என்ன என்று மட்டும் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மேஸ்திரி நாலு மணிக்கே வந்துவிட்டார். ஏணியின் உச்சியில் நின்றவளை ஒரு பார்வை பார்த்தார். நேரே சுவரின் வலது மூலைக்குப் போய்க் கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தார். கூரைக்கடியில் ஒரு பாய் அகலம் இன்னும் பாக்கியிருந்தது.

"மேல வேலை செஞ்சது இடது கை," என்றார்.

"பெயிண்ட் கொஞ்சம் கெட்டி, மேஸ்திரி. அதான்..."

"கெட்டியா இருந்தா எல்லாப் பக்கமும் விடும், நூலு. இது ஒரே பக்கமா விட்டிருக்கு. வலது கையைத் தூக்கு, பாப்போம்."

அவன் தூக்கினான். நெஞ்சுவரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரல்கடை உயர்த்திப் பார்த்தான். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதும், இறக்கு. என்னைத் தப்பா நினைக்காதே. பதினாலு வீடு, நாள் கெடு இருக்கு. ஒத்தைக் கை ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அந்தக் கை எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "பதினோரு வருஷமா உங்க சுவத்துலதானே தேஞ்சுது?"

மேஸ்திரி நிமிர்ந்து ஏணியைப் பார்த்தார். அவள் குத்தி முடித்திருந்த இடத்தில் கண்ணை ஓட்டினார்.

"நீ வா தங்கச்சி நாளைக்கு. மேல்வேலை பாரு."

"பொம்பளை ஏணி ஏறக் கூடாதுன்னீங்க."

"அதான் ஏறிட்டியே. சம்பளம் மட்டும் கீழ்வேலைக்கு உள்ளதுதான்."

அவள் பிரஷ்ஷை வாளி விளிம்பில் ஓங்கித் தட்டினாள். வேண்டாம் என்ற சொல் வாய் வரை வந்தது. கீழே அவன் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தான், ஒத்துக்கொள் என்று. பாக்கியிருந்த ஒரு பாய் அகலத்தையும் அவள் குத்தி முடித்துவிட்டு இறங்கினாள்.

வீட்டம்மா வெளியே வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சுவரை அண்ணாந்து பார்த்தார். சுவரின் வெள்ளை கூரை விளிம்போடு சேருமிடத்தில் பார்வை நின்றது.

"அந்தக் கோடு யார் போட்டது? எவ்வளவு நேர்த்தியா இருக்கு!"

அன்று காலை அவன் இடது கையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த கோடு அது.

"நம்ம ஆளுங்கதாம்மா," என்றார் மேஸ்திரி. "அடுத்த தெருவுல பதினாலு வீட்டுக்கும் இப்படித்தான் இருக்கும்."

அவள் திரும்பிக் கணவனைத் தேடினாள். அவன் குழாயடியில் குந்தியிருந்தான். பிரஷ்ஷை முழங்காலுக்கிடையில் இடுக்கி, இடது கையால் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினான். அதன் முடியை நீவிச் சேர்த்தான். பழைய செய்தித்தாளில் அதைச் சுற்றி, காலையில் அவள் எடுக்கத் தோதாகப் பையின் மேலாக வைத்தான்.