வெட்டாத புத்தகம்

விடியற்காலை ஐந்து மணிக்கு அச்சகத்தின் இரும்புக் கதவைத் தள்ளினால் முதலில் மூக்கில் ஏறுவது மண்ணெண்ணெய் வாசனைதான். முந்தின நாள் உருளைகளைத் துடைத்த துணிகள் மூலையில் குவிந்து கிடக்கும். குளிரில் மை கெட்டிப்பட்டுப் போயிருக்கும். அதைக் கிளறி இளக்கி, உருளையில் ஏற்றி, மெஷினை ஓடவிட்டால் முதல் இருநூறு தாள் உருப்படியாக வராது. ஒன்று வெளுத்திருக்கும், ஒன்று அப்பியிருக்கும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. வேஸ்ட் ஷீட் என்று ஒதுக்கி வைப்போம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான் எழுதப் பழகினார்கள்.

பதினெட்டு வருஷமாக நான் அந்த மெஷினை ஓட்டுகிறேன். எனக்கு ஐந்தடி தள்ளி, கட்டிங் மெஷினில் நிற்பவர் என் தங்கை வீட்டுக்காரர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நடுவில் நீள மேஜை. அதைச் சுற்றி ஆறு பெண்கள் அச்சடித்த தாளை மடித்து, வரிசையாகச் சேர்த்து, கம்பிப் பின் அடிப்பார்கள். அவர்களுக்குத் தலைவி பைண்டிங் அக்கா. அவள் வாய்க்குப் பயந்துதான் சுவர்க்கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று கேலி செய்வோம்.

அது தேர்தல் வருஷம். பத்து வருஷமாக ஒரே கட்சியின் ஆட்சி. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடினார்கள். ஏன் என்று கேட்டவனைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஒரு துண்டறிக்கை அடித்துக் கொடுத்ததற்காக எங்கள் அச்சகத்துக்கே சீல் வைத்து, முதலாளியை நாற்பது நாள் சிறையில் போட்டார்கள். அந்த நாற்பது நாளும் நாங்கள் எட்டுப் பேரும் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்தோமே தவிர, வேறு அச்சகத்தின் படி ஏறவில்லை. வெளியே வந்த அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக இங்கே வந்து எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். அந்தப் பிடியை நான் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இதைச் சொல்வது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

இந்த முறை எதிர்க்கட்சியின் வேட்பாளர் அவர்தான். இனிமேல் யாரும் முதலாளி என்று கூப்பிடக் கூடாது, அண்ணன் என்றால் போதும் என்று சொல்லிவிட்டார். கட்சியின் தேர்தல் அறிக்கையும் எங்களிடமே அச்சுக்கு வந்தது. 'நாட்டைப் புதுப்பிப்போம்' என்று தலைப்பு. அறுபத்து நாலு பக்கம், ஒரு லட்சம் பிரதி, பத்தே நாள் கெடு. மற்ற அச்சகங்கள் எல்லாம் ஆளும் கட்சி வேலையில் இருந்தன, இருந்திருக்காவிட்டாலும் பயத்தில் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அடிக்கும்போதே வாசித்தேன். பதினேழாம் பக்கத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். 'எட்டு மணி நேரத்துக்கு மேல் எவரும் வேலை வாங்கப்பட மாட்டார். பாதுகாப்பற்ற ஓர் இயந்திரமும் இந்த நாட்டில் ஓடாது. தொழிலாளியின் உடம்புக்கு வேலை கொடுப்பவரே பொறுப்பு.' மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மை பட்டுவிட்டது என்றார். நாங்கள் அப்போது விடியற்காலை ஐந்திலிருந்து இரவு எட்டு வரை நின்றுகொண்டிருந்தோம். யாரும் வற்புறுத்தவில்லை. நம் கட்சி, நம் புத்தகம், நம் ஆட்சி வரப்போகிறது என்று நாங்களாகவே நின்றோம்.

அவசரம் ஒருவரைப் பிடித்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும். கட்டிங் மெஷினில் இரண்டு பித்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை ரெண்டும் பித்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் இருக்காது, அதுதான் கணக்கு. ஆனால் புத்தகக் கட்டை அடுக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று மாப்பிள்ளை தவித்தார். மூன்றாம் நாள் நான் ஒரு யோசனை செய்தேன். மேஜை மேல் வேட்பாளரின் படம் போட்ட அட்டைகள் கிடந்தன. ஒன்றை எட்டாக மடித்து வலது பித்தானின் இடுக்கில் செருகினேன். அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. பித்தான் அமுங்கியபடியே நின்றது. இனி ஒரு கை போதும்.

அன்று சாயங்காலம் முதலாளி வந்தார். அட்டையைப் பார்த்தார். இடுக்கில் அவர் முகம் பாதி தெரிந்தது. "பரவாயில்லையே, என் மூஞ்சியும் ஒரு வேலைக்கு உதவுது" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஒன்பதாம் நாள் விடிகாலையில் கத்தி இறங்கியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, என் மெஷின் சத்தம் அப்படி. நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தேன். எங்கேயோ எதையோ வைத்துவிட்டு மறந்தவர் மாதிரி நின்றார். பைண்டிங் அக்கா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். தன் முந்தானையைக் கிழித்து அவர் கையைச் சுற்றினாள். வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. கத்திக்கடியில் இருந்த புத்தகக் கட்டில் நாற்பது புத்தகம் ரத்தத்தில் நனைந்துபோயிற்று.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி உடனே வந்தார். பிரச்சாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பு இல்லை, நான் சத்தியம் செய்வேன். அழுது முடித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டில் மரம் அறுக்கும்போது கை பட்டுவிட்டது என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும்.

"மூணே வாரம்டா. இது வெளிய தெரிஞ்சா அவங்க இத வெச்சே நம்மள முடிச்சிடுவாங்க. பத்து வருஷம் பட்டதெல்லாம் வீணாப் போயிடும். முதல்ல நாடு மாறட்டும். அப்புறம் அவன நான் ராஜா மாதிரி பாத்துக்கிறேன்."

 அவர் குரலைத் தணித்தார்.

"இன்னொண்ணு. அந்த அட்டைய வெச்சது யாருன்னு விசாரணைன்னு வந்தா கேப்பாங்க. நான் உன்னைக் காட்டிக் கொடுக்க விரும்பல."

தாளை என் கையில் வைத்துவிட்டுப் போனார். சிறையிலிருந்து வந்த அன்று பிடித்த அதே கைதான்.

தங்கை கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஆளும் கட்சிக்காரன் ஒருவன் எப்படியோ மோப்பம் பிடித்து, பழப்பையோடு வந்தானாம். டிவிக்காரர்களைக் கூட்டி வருகிறேன், நாலு வார்த்தை பேசு, உனக்கு வீடே தருகிறோம் என்றானாம். உங்கள் ஆட்சியில் போன விரலை எண்ண என்னிடம் கை பத்தாது என்று சொல்லி, பழப்பையையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, பித்தான்ல யாரோ அட்டை வெச்சிருந்தாங்களாமே. யாரு?"

 தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பதினைந்து வயதில் அப்பா போன பிறகு நான் வளர்த்த தங்கை. அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. கட்டிலில் மாப்பிள்ளை கண் திறந்துதான் இருந்தார். அவருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் என்னைச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

மறுநாள் விடியலில் அச்சகத்தில் ஏழு பேர் நின்றோம். கட்டிங் மெஷினை யாரோ கழுவி வைத்திருந்தார்கள். அட்டை அப்படியே இடுக்கில் இருந்தது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு, கம்பிப் பின் அடித்த புத்தகங்கள், வெட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. நான் மையைக் கிளறப் போகவில்லை. அவர்கள் முன்னால் நின்று, அட்டையை வைத்தது நான்தான் என்றேன். முதலாளி கொடுத்த தாளையும் மேஜையில் போட்டேன்.

பெண்களில் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, இப்போது சத்தம் போட்டால் கட்சி தோற்றுவிடும், திரும்ப அவன்களே வருவான்கள், என் தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரை மணி நேரம் பேசினோம், யாருக்கும் வழி தெரியவில்லை. கடைசியில் பைண்டிங் அக்காதான் வாயைத் திறந்தாள்.

"நீ வெச்சே, சரி. ஆறு நாளா நாங்க ஆறு பேரும் அதப் பாத்துக்கிட்டுத்தானே மடிச்சோம்? ஒருத்தி எடுன்னு சொன்னோமா? உன் ஒருத்தன் தலையில மட்டும் இத ஏத்திக்காத. அவ்வளவு பெரிய தலையும் இல்ல உனக்கு."

அந்தப் பேச்சில் நான் அழுதேவிட்டேன். அவள் வேஸ்ட் ஷீட் அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி மேஜையில் விரித்தாள். எழுது என்றாள். முதல் வரியில் அட்டையை வைத்தவன் நான் என்று எழுதினேன். இரண்டாம் வரியில் பார்த்தும் தடுக்காமல் சிரித்தவர்கள் நாங்கள் எல்லோரும் என்று எழுதச் சொன்னாள். பிறகு கேட்க வேண்டியதை எழுதினோம். விபத்து இங்கே நடந்தது என்று முதலாளி எழுதித் தர வேண்டும். மாப்பிள்ளை குணமாகும்வரை சம்பளமும் வைத்தியமும், குணமானதும் அவருக்கு முடிந்த வேலையும். இரண்டு பித்தானும் இரண்டு கைக்கு. எட்டு மணி நேரம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம், தம்பி உள்ளே இருக்கிறான் என்றவளும் போட்டாள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம், "அவரு நேத்தே சொல்லிட்டாரு. நீயா சொல்லுவியான்னு பாத்தேன்" என்றாள்.

நான் அச்சகத்துக்குத் திரும்பியதும், எட்டு மணிக்கு முதலாளி வந்தார். மெஷின்கள் நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. அக்கா தாளை நீட்டினாள். வாசித்தார்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது? அவங்க ஆளுங்களா?"

"யாரும் வரல, முதலாளி" என்றாள் அக்கா. அண்ணன் என்று கூப்பிட்ட ஆறு மாசத்துக்குப் பிறகு அந்தச் சொல் திரும்பி வந்திருந்தது. அவர் கவனித்துவிட்டார் என்று தெரிந்தது.

"அட்டைய வெச்சது உங்க ஆளு. அவனே எழுதியிருக்கான். நான் எப்படிப் பொறுப்பு?"

"நீங்க பாத்தீங்க. பாத்துட்டு சிரிச்சீங்க. நாங்களும் சிரிச்சோம், அதையும் எழுதியிருக்கோம்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நாளைக்குப் புஸ்தகம் வெளியீடு. நாடே காத்துக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துலயா?"

நான் பேசினேன்.  "அவங்ககிட்ட போக மாட்டோம், முதலாளி. டிவிக்கும் போக மாட்டோம். ஓட்டு உங்களுக்குத்தான் போடுவோம். ஆனா இந்தப் புஸ்தகத்த வெட்ட மாட்டோம். நாடு மாறணும்னு நீங்கதானே சொன்னீங்க. அது உங்க வாசப்படிக்கு வெளியதான் ஆரம்பிக்குமா?"

அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெளுப்பாக அடித்திருந்தது, ஆனாலும் படிக்கும்படி இருந்தது. பதினேழாம் பக்கம். அக்கா தேடித்தான் எடுத்திருக்கிறாள். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அதை மேடைகளில் மனப்பாடமாகச் சொல்கிறவர், அன்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அப்போது கதவருகே சத்தம் கேட்டது. தங்கையின் தோளைப் பிடித்தபடி மாப்பிள்ளை வந்திருந்தார். டாக்டர் திட்டித்தான் விட்டாராம். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். முதலாளி ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தப் பொய்த் தாளைப் பார்த்துவிட்டு அதை ஓரமாகத் தள்ளினார். முதலாளி கையிலிருந்த தாளைக் கேட்டு வாங்கினார். கைநாட்டு வைக்க மையை ஒருத்தி நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"எனக்கு எழுதத் தெரியும். கொஞ்சம் நேரமாகும், இருங்க."

இடது கையால் பேனாவைப் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தும் கோணிக்கொண்டு போயிற்று. ஒரு பேரை எழுத அவருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷமும் யாரும் அசையவில்லை, முதலாளியும்தான். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "மச்சான், உங்க கையெழுத்து என்னுதவிட மோசமா இருக்கே" என்றார்.

முதலாளி யோசிக்க வேண்டும் என்றார். தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வாசலில் அவர் கார் கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தது.

நான் கட்டிங் மெஷினிடம் போய் அட்டையை உருவினேன். பித்தான் மேலே எழும்பி வந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரம் வெட்டாத புத்தகத்தைப் பிரிக்க முடியாது, பக்கங்கள் மடிப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே எல்லாம் அச்சாகித்தான் இருந்தது. மாப்பிள்ளை உட்கார ஒரு புத்தகக் கட்டை இழுத்துப் போட்டோம். அவரைச் சுற்றி நாங்களும் உட்கார்ந்து, கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.