சந்தூக்குக்கு ஒரு தோள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, என் குரல் எட்டாது. சிராங்கூன் ரோட்டில் ஒரு மையத்தை, இறந்தவர் உடலை, ஆளாக எண்ணிப் பார்த்த கதையைச் சொல்கிறேன். கசக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் நடந்தது. கருங்கல் ஏற்றும் மாட்டுவண்டிக்காரர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு மாடு இழுக்கிற வண்டியில் மூன்று மாட்டுப் பாரத்தை ஏற்றச் சொன்னால்? ஏற்ற மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான்.

செல்லக்கண்ணு மட்டும் வண்டியைப் பூட்டினான். வேலையை நிறுத்தியவர்களில் ஒருவரான ஒலி முகம்மது போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, "வேணாம்டா செல்லக்கண்ணு, வாயில்லா ஜீவன்டா" என்றார். அன்று சாயங்காலமே வண்டிக் கொட்டகை முதலாளி செல்லக்கண்ணுவின் பெருவிரலை மையில் தோய்த்து ஒரு மனுவில் உருட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அதில் ஒலி முகம்மதுவின் கையில் கத்தி இருந்தது. கொலை மிரட்டல் இருந்தது.

கோர்ட்டு தடையுத்தரவு போட்டது. பெயர் குறித்த பதினொரு வண்டிக்காரர்களும், அவர்களோடு சேருகிறவர்களும், சிராங்கூன் ரோட்டில் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது. பட்டியலில் ஏழாவது பெயர் ஒலி முகம்மது.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, அவர் காய்ச்சலில் மௌத்தானார். பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட வேண்டும். மனைவி மைமூன் கேட்டது அது ஒன்றுதான். 'சேர்ந்தவர்' ஆகிவிடப் பயந்து கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வண்டிக்காரர்களில் நாலு பேர் வந்து மையத்தைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். மற்றவர்கள் சந்துக்குள் நின்று கண்ணைத் துடைத்தார்கள்.

ரோட்டில் கால் வைத்ததும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் தடியை நீட்டி எண்ணினார். ஏதோ சொன்னார். கூட நின்ற கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் பேரின்பநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர், அதைத் தமிழில் சொன்னார்.

"அஞ்சு பேராம்."

"கண்ணு தெரியலையா அவருக்கு? நாலு பேருதானே தூக்குறோம்!" என்றார் முன்னால் நின்ற நாகூர் கனி.

"உள்ளுக்கு இருக்கிறவற்ற பேர் பட்டியலில இன்னும் வெட்டேல்லை, தம்பி. திங்கக்கிழமைதான் கோர்ட்டு திறக்கும்."

"அப்ப மையத்த எறங்கி வீட்டுக்குப் போகச் சொல்லுங்க!"

பேரின்பநாயகம் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

ஒருவர் விலக வேண்டியதாயிற்று. மூன்று தோளில் சந்தூக்கு சாய்ந்தது. "அல்லாவே, அவுகளக் கீழ போட்டுறாதீங்க!" என்று வாசலிலிருந்து மைமூன் கத்தினாள்.

அப்போதுதான் கல் ஏற்றிய வண்டியோடு செல்லக்கண்ணு வந்தான். இறங்கினான். தலைத்துண்டை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலியாய்க் கிடந்த மூலைக்குள் நுழைந்தான். இன்ஸ்பெக்டர் மறுபடி தடியைத் தூக்கினார்.

இவன் மனுக் கொடுத்தவன். இவனைக் காக்கத்தானே உத்தரவு, இவனை எப்படி எண்ணுவது என்று பேரின்பநாயகம் இங்கிலீஷில் கேட்டார். தடி இறங்கியது. அந்த ரோடு முழுவதிலும் எண்ணிக்கையில் வராத தோள் அது ஒன்றுதான்.

மைமூன் அவனைப் பார்த்தாள். "கத்தி வச்சிருந்தாகன்னு சொன்னியாமே. பாத்துத் தூக்கு, குத்திறப் போவுது."

அவன் துண்டைச் சரிசெய்து மூலையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். மையவாடி வரை தோள் மாற்ற ஆளில்லை, மாற்றாமலே சுமந்தான். பொழுது சாய்வதற்குள் மண் போட்டார்கள்.

திங்கட்கிழமை கோர்ட்டில், உத்தரவுக்குப் பிறகு ஒரு அடிதடியும் இல்லை, ஆகவே உத்தரவு நல்ல பலன் தருகிறது என்றார் முதலாளியின் வக்கீல். உத்தரவை நீட்டித்தார்கள். ஒலி முகம்மதுவின் பெயரைப் பேரின்பநாயகத்தின் பேனாதான் வெட்டியது. வெட்டிய இடத்துக்கு மேலே இன்னொரு பெயரையும் அதே பேனாவால் எழுத வைத்தார்கள்: வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்த செல்லக்கண்ணு. பட்டியலில் பதினொரு பேர் குறையவே இல்லை.

உங்கள் வீட்டுக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் வாசல் கொள்ளாமல் சனம் வரட்டும், கண்ணுகளா. வருகிறவர்களை எண்ண அங்கே எவனும் தடியோடு நிற்காமல் இருக்கட்டும்.